புளிக்குப் பொருந்தும் பாத்திரம்



மணமக்களுக்கும் புதுமனை புகுவோர்க்கும் நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் பரிசுகளில் பாத்திரங்களுக்கு என்றும் ஓர் இடமுண்டு. பாத்திரக் கடைக்குள் நுழைந்ததும் நாம் விலையைப் பார்க்கிறோம், கையில் தூக்கிக் கனத்தைப் பார்க்கிறோம், பளபளப்பைப் பார்க்கிறோம். அதில் என்ன சமைக்கப் போகிறோம் என்று எண்ணிப் பார்த்து வாங்குவோர் மிகச் சிலரே. பாத்திரம் உடலுக்கு நல்லதா, கெட்டதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்தக் கேள்விதான். ஆகவே இன்றைய பேச்சை அங்கிருந்தே தொடங்குவோம்.

நம் சமையல் புளிப்பை நம்பி நிற்கும் சமையல். ரசம், வத்தக்குழம்பு, மீன்கறி, மோர்க்குழம்பு, தக்காளித் தொக்கு, எலுமிச்சை ஊறுகாய் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். பக்கத்து வீட்டு அசாம் பெடாசும் பினாங்கு லக்சாவும் அப்படித்தான். புளிப்பு என்பது அமிலம். அமிலம் உலோகத்தைக் கரைக்கும். வெறும் தண்ணீர் காய்ச்சும்போதும் சோறு வடிக்கும்போதும் சும்மா இருக்கும் பாத்திரம், புளிக்கரைசலை ஊற்றிக் கொதிக்க வைத்ததும் தன்னில் ஒரு சிறு பங்கைக் குழம்புக்குக் கொடுத்துவிடுகிறது. சூடு ஏற ஏற இந்தக் கொடை கூடும். ஆக்கிய குழம்பை இரவு முழுவதும் அதிலேயே வைத்திருந்தால் இன்னும் கூடும். அப்படிக் கரைந்து வரும் பொருள் இரும்பா, காரீயமா என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும் அமைகின்றன.

முதலில் ஈயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். ஈயச்சொம்பில் வைத்த ரசத்தின் மணத்துக்கு ஈடில்லை என்று சொல்லும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. தமிழகத்திலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி அனுப்பி வாங்குவோரும் உண்டு. இங்கேதான் நம் மொழியே நம்மைச் சற்று ஏமாற்றிவிடுகிறது. ஈயம் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். மலாய் மொழியிலும் இதே கதைதான். திமா என்றால் வெள்ளீயம். திமா ஹீத்தாம், அதாவது கறுப்புத் திமா, என்றால் காரீயம். பெயரில் நெருக்கம் இருக்கிறதே தவிர இவை இரண்டும் வேறு வேறு தனிமங்கள்.

வெள்ளீயம் மலேசியருக்கு அந்நியமான பொருளன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகம் பயன்படுத்திய வெள்ளீயத்தில் பாதிக்கு மேல் மலாயாவிலிருந்து போயிற்று. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கைத் தோண்டித் தோண்டி எடுத்ததில்தான் ஈப்போ நகரமே எழுந்தது. 1985 அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை விலை வீழ்ந்து நிலைகுலைந்த பிறகே அந்தத் தொழில் இங்கே ஒடுங்கியது. கெட்டிப்பால் வரும் டின்னை நாம் டின் என்று அழைப்பதும் இந்த உலோகத்தால்தான். இரும்புத் தகட்டின்மேல் பூசப்பட்ட மெல்லிய வெள்ளீயப் படலமே உள்ளிருக்கும் உணவைத் துருவிலிருந்து காக்கிறது. நாம் வாயால் உட்கொள்ளும் வெள்ளீயத்தை உடல் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வதில்லை, வெளியேற்றிவிடுகிறது. ஆகவே உண்மையான வெள்ளீயத்தில் செய்த சொம்பில் ரசம் வைப்பதைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும். புளித்தண்ணீர் உள்ளே இருக்கும்வரை சொம்பு 100 பாகையைச் சுற்றியே நிற்கும். தண்ணீர் வற்றினாலோ, வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு மிளகு சீரகம் இடிக்கப் போனாலோ, திரும்பி வரும்போது சொம்புக்கு அடி இருக்காது. பழைய தலைமுறைப் பெண்கள் தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பை மூட்டியதன் காரணம் இதுதான்.

காரீயத்தின் கதை வேறு. உடலுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. தீங்கு செய்யாத அளவு என்று ஒன்று காரீயத்துக்கு இருப்பதாக அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பெரியவர்களும் சிறு குழந்தைகளும் ஒரே ரசத்தைச் சாப்பிட்டாலும், அதிலுள்ள காரீயத்தைக் குழந்தையின் உடல் நான்கு ஐந்து மடங்கு அதிகமாக ஈர்த்துக்கொள்ளும். வளரும் மூளையைத்தான் அது முதலில் தாக்குகிறது. கவனம் சிதறுகிறது, கற்கும் திறன் குறைகிறது. வெளியில் பார்த்தால் குழந்தை நன்றாகத்தான் இருக்கும். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. எலும்புகளில் தங்கிவிடும் காரீயம் பல ஆண்டுகள் கழித்து, பெண் கருவுற்றிருக்கும் காலத்தில், மீண்டும் இரத்தத்தில் கலந்து வயிற்றில் உள்ள பிள்ளையைச் சென்றடையவும் கூடும். நாக்காலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. புளிப்போடு சேர்ந்த காரீயம் இலேசாக இனிக்கும். பண்டை ரோமானியர்கள் காரீயப் பாத்திரத்தில் திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, அந்த இனிப்பை விரும்பியே உண்டார்கள்.

வெள்ளீயத்தின் விலை காரீயத்தின் விலையைப்போல் பல மடங்கு. இரண்டும் எளிதில் உருகும், ஒன்றோடொன்று நன்றாகக் கலக்கும். கலப்படம் செய்ய எண்ணுவோருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? சொம்பு வழக்கத்தைவிடக் கனமாக இருந்தாலோ, வெள்ளைத் தாளில் தேய்த்தால் கரும்பென்சில் போலக் கோடு விழுந்தாலோ காரீயம் இருப்பதாக ஐயப்படலாம். ஒரே அளவுள்ள கட்டிகளை எடுத்துக்கொண்டால் வெள்ளீயத்தைவிடக் காரீயம் ஒன்றரை மடங்கு எடையுள்ளது. ஆனால் கோடு விழவில்லை என்பதால் சொம்பு தூய்மையானது என்று முடிவு கட்டிவிட முடியாது. சிறிதளவு கலந்திருந்தால் கண்ணும் கையும் காட்டித்தரா. ஆய்வுக்கூடத்தில் சோதித்த சான்றைக் காட்டக்கூடிய விற்பனையாளரிடம் வாங்குவதே வழி. அப்படிச் சான்று இல்லையென்றால், ரசத்தை வேறு பாத்திரத்தில் வைத்துக்கொள்வதால் குடும்பத்துக்கு நட்டம் ஒன்றுமில்லை. மணம் சற்றுக் குறையும் என்பார்கள். குறையட்டுமே!

பித்தளை, செம்பு இரண்டுக்கும் இதே கருத்து பொருந்தும். கோயில் அன்னதானத்துக்கு ஏற்றும் பெரிய பித்தளை அண்டாக்களின் உட்புறத்தில் ஈயம் பூசுவது வழக்கம். காய்ச்சிய பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சால் தேய்த்துப் பரப்புவார்கள். அந்தப் பூச்சு தேய்ந்துபோய் உள்ளே மஞ்சள் நிறம் தெரியத் தொடங்கினால், அதில் சாம்பாரோ ரசமோ வைக்கக் கூடாது. புளி செம்பைக் கரைத்துக் களிம்பாக்கும். வயிற்றுப் புரட்டலும் வாந்தியும் வரும். பூசுபவர் எந்த ஈயத்தைக் கொண்டு பூசுகிறார் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பூச்சு இல்லாத பித்தளையில் பொங்கல் வைக்கலாம். புளிப்பு மட்டும் வேண்டாம்.

அடுத்து அலுமினியம். காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் தானாகவே உண்டாகிறது. காகிதத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய படலம் அது. அதுவே உலோகத்தைக் காக்கிறது. புளிப்பும் காரமும் அந்தப் படலத்தை அரித்துவிடும். புளிக்குழம்பு வைத்த அலுமினியச் சட்டியின் உட்புறம் மட்டும் புதிதுபோல் வெளுத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டி சுத்தமாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். அந்தப் படலம் குழம்போடு போய்விட்டது என்பதே அதன் பொருள். அலுமினியப் பாத்திரத்தால் மறதி நோய் வரும் என்ற அச்சம் நெடுநாளாக உலவி வருகிறது. அதை உறுதிப்படுத்தும் சான்று இதுவரை கிடைக்கவில்லை. எனினும் வேண்டாத உலோகத்தை வேண்டுமென்றே உட்கொள்ள வேண்டியதில்லை. மேற்பரப்பை மின்முறையில் கெட்டியாக்கிய கருஞ்சாம்பல் நிற அலுமினியம் இந்த வகையில் மேலானது. வெறும் அலுமினியத்தை இட்லி அவிக்கவும் கிழங்கு வேக வைக்கவும் தண்ணீர் காய்ச்சவும் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அலுமினியத்தில் உண்மையான ஆபத்து வேறிடத்திலிருந்து வருகிறது. கழிவுக் கிடங்கில் சேர்ந்த இயந்திரப் பாகங்களையும் கம்பிகளையும் தரம் பிரிக்காமல் உருக்கி வார்த்த மலிவான பாத்திரங்களில் காரீயம் கலந்துவிடுகிறது. ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளில் வாங்கிச் சோதிக்கப்பட்ட பாத்திரங்கள் பலவற்றில் ஆய்வாளர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. இறக்குமதியான சில அலுமினிய, பித்தளைப் பாத்திரங்களிலிருந்தும், ஹிண்டாலியம், இண்டாலியம் என்ற பெயர்களில் விற்கப்படும் கலப்பு அலுமினியப் பாத்திரங்களிலிருந்தும் காரீயம் உணவில் இறங்கக்கூடும் என்று கூறி, அவற்றை விற்க வேண்டாமென வணிகர்களைக் கேட்டுக்கொண்டது. இண்டாலியச் சட்டி நம் வீடுகளுக்கு நன்கு பழகிய பொருள். எல்லா இண்டாலியமும் கெட்டது என்று அந்த எச்சரிக்கை சொல்லவில்லை. ஆனால் உற்பத்தியாளர் பெயரோ முத்திரையோ இல்லாமல் இரவுச் சந்தையில் குவித்து விற்கும் வார்ப்புச் சட்டியை, மலிவு என்ற ஒரே காரணத்துக்காகத் தூக்கிக்கொண்டு வருவதை நாம் நிறுத்திக்கொள்ளலாம்.

புளிக்கு எது பொருந்தும் என்று கேட்டால், நாம் தயங்காமல் சொல்லக்கூடியது எவர்சில்வர். இரும்போடு குரோமியமும் நிக்கலும் சேர்ந்த உருக்கு அது. 18/8 அல்லது 304 என்று அடியில் பொறித்திருந்தால் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளது என்று பொருள். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை முழுவதும் நம்புவதற்கில்லை. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்த மலிவு வகையிலும் காந்தம் ஒட்டாது. உப்பும் புளியும் பட்டால் அந்த வகை விரைவில் புள்ளி விழுந்து அரிக்கும். நல்ல வகையிலும், குளிர்ந்த தண்ணீரில் உப்பைக் கொட்டி அடியில் தங்கவிட்டால் சிறு குழிகள் விழும். தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் புளிக்குழம்புக்குக் கண்ணாடியோ எனாமலோ தேடிக்கொள்வது நல்லது. எனாமல் என்றதும் இன்னொன்று: ஓரம் உதிர்ந்த எனாமல் பாத்திரம் சமையலுக்கு உதவாது. செடி வைக்க உதவும்.

இனித் தோசைக்கல்லுக்கு வருவோம். ஒட்டாத பூச்சுள்ள கல்லும் இரும்புக் கல்லும் இன்று ஒரே அலமாரியில் அருகருகே நிற்கின்றன. ஒட்டாத பூச்சுக்கு அடிப்படையான டெஃப்லான் 1938இல் அமெரிக்காவில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அது நன்றாக ஒட்டி நிற்கும்வரை, மிதமான சூட்டில், உணவில் கலப்பதில்லை. தவறித் துளி உள்ளே போனாலும் செரிக்காமல் வெளியேறிவிடும். இடர் இரண்டு வகையில் வருகிறது. ஒன்று, சூடு. ஏறத்தாழ 260 பாகையைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். இன்னும் சூடேறினால் எழும் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும். அந்தப் புகை கூண்டுப் பறவைகளைக் கொன்றேவிடும். மாடிக் குடியிருப்பில் மெர்போக் புறாவோ கிளியோ வளர்ப்பவர்கள், கூண்டை அடுப்படிக்குப் பக்கத்தில் மாட்டக் கூடாது. தோசைக்கல்லை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? வெறுங்கல்லைத்தானே முதலில் நன்றாகக் காய வைக்கிறோம்! வலுவான எரிவாயு அடுப்பில் வெறுங்கல் சில நிமிடங்களில் 260 பாகையை எட்டிவிடும். நம் சமையல்களில் இந்தப் பூச்சுக்குச் சற்றும் பொருந்தாதது தோசைதான் என்று சொன்னால் மிகையாகாது.

மற்றொன்று, அதைச் செய்யும் ஆலைகளைச் சூழ்ந்த கேடு. பூச்சைத் தயாரிக்கப் பல்லாண்டு பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்னும் வேதிப்பொருள் நீரிலும் மண்ணிலும் அழியாமல் நிற்கிறது. 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. 2023இல் அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. இப்போது பெட்டிகளின்மேல் பிஎஃப்ஓஏ இல்லை என்று அச்சிடுகிறார்கள். அந்த ஒரு பொருள் இல்லையே தவிர, அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு பொருள் இருக்கலாம். பூச்சே அக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். செராமிக் பூச்சு என்று வருபவை வேறு வகை. அவற்றில் பொதுவாக இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வழுக்கும் தன்மையை அவை விரைவில் இழந்துவிடுகின்றன.

இரும்புக் கல்லுக்கு வேண்டியது சிறிது பொறுமை. கடையிலிருந்து வந்ததும் அதன்மேல் துருப் பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயை வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். அரிசி கழுவிய நீரிலோ கஞ்சியிலோ ஊற வைத்துத் தேய்ப்பது பலர் வழக்கம். பிறகு நன்றாக உலர்த்தி, நல்லெண்ணெயை மிக மெல்லியதாகத் தடவிப் புகையும்வரை காய வைத்து ஆற விட வேண்டும். இதை நான்கைந்து முறை செய்ய, எண்ணெய் கெட்டிப்பட்டுக் கரிய படலமாகக் கல்லோடு ஒன்றிவிடும். பாதி வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்து வார்த்தால், முதல் இரண்டு மூன்று தோசை போனாலும் அதன்பின் கல் நம் சொல் கேட்கும். அந்தப் படலமும் ஒட்டாத பூச்சுத்தான். தேய்ந்தால் வீட்டிலேயே மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.

இரும்புச் சட்டியில் புளி சேர்த்தால் குழம்பு கறுக்கும், உலோகச் சுவை தட்டும். கரைந்து வருவது இரும்பு என்பதால் இரத்தச் சோகையுள்ள பெண்களுக்கு அதில் ஓரளவு பயனும் உண்டு. ஆனால் இது எல்லாருக்கும் பொருந்தாது. தலசீமியா மலேசியாவில் அரிதான நோயன்று. அந்நோய்க்காக அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவர்களின் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்து கிடக்கும். அத்தகையவர் இருக்கும் வீட்டில் இரும்புச் சட்டியைத் தவிர்க்க வேண்டும்.

மண்சட்டியைப் பற்றி ஒரு சொல். கோலசிலாங்கூர்ப் பகுதியில் தமிழ்க் குயவர் குடும்பங்கள் இன்றும் பொங்கல் பானைகள் வனைந்து வருகின்றன. நல்ல மண்ணில் வனைந்து, பூச்சில்லாமல் சுட்ட சட்டி புளிக்கு நன்றாக இசையும். மீன்கறி மறுநாள் அதில் ருசிப்பதன் இரகசியமும் இதுதான். எச்சரிக்கை வேண்டியது கண்ணாடிபோல் மின்னும் பூச்சிட்ட சட்டிகளில், அதிலும் உட்புறத்தில் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளுமாய் மின்னுபவற்றில். அப்பூச்சுகளில் காரீயமும் காட்மியமும் கலப்பதுண்டு. இதற்காகவே மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குவிதிகள் பீங்கான் பாத்திரங்களுக்கு வரம்பு வகுத்துள்ளன. அலங்காரத்துக்கு வாங்கிய பீங்கானை அலங்காரத்துக்கே வைத்துக்கொள்வோம்.

சுற்றுச்சூழலுக்கு எது நல்லது என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. ஒரு கிலோ அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் செலவாகிறது. பழைய அலுமினியத்தை உருக்கினால் அதில் 20இல் ஒரு பங்கு போதும். தாதுவைத் தோண்டுவது எத்தகையது என்பதைக் குவாந்தான் மக்கள் அறிவார்கள். 2015இல் அங்கே பாக்சைட் லாரிகள் ஓடிய சாலைகளும் வீட்டு வாசல்களும் சிவந்தன, ஆற்று நீரும் கடலோரமும் சிவந்தன. 2016 ஜனவரியில் அரசாங்கம் தோண்டுதலை நிறுத்தி வைத்தது. சிங்கப்பூரிலோ, குப்பையை எரித்த சாம்பல் செமக்காவ் தீவின் நிரப்பிடத்துக்குச் செல்கிறது. அது 2035 அளவில் நிரம்பிவிடும் என எதிர்பார்க்கப்படுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூச்சு உரிந்த வாணலியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கும் வீடும், பாட்டி கொடுத்த இரும்புக் கல்லில் பேத்திக்குத் தோசை வார்க்கும் வீடும் ஒன்றாகா. வீட்டில் இருக்கும் நல்ல எவர்சில்வரை விட்டுவிட்டு, பசுமைப் பாத்திரம் என்று விளம்பரம் சொல்வதைப் புதிதாக வாங்குவதில் பசுமை எதுவும் இல்லை.

அப்படியானால் வேண்டாத பாத்திரங்களை என்ன செய்வது? அலுமினியத்தையும் எவர்சில்வரையும் பித்தளையையும் பழைய சாமான் வாங்குவோரும் சிங்கப்பூரின் காராங்குனிக்காரர்களும் எடுத்துக்கொள்வார்கள். காரீயம் இருக்குமோ என்று ஐயப்படும் ஈயச்சொம்பைப் பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். பாட்டியின் நினைவாக வீட்டில் வைத்திருப்பதானால், அடுப்படியிலிருந்து எடுத்துக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். கொடுத்துவிடுவதானால், சமையலுக்கு ஆகாது என்று சொல்லி, அடியில் ஓர் ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் நாம் கழித்த சொம்பு துலக்கி மெருகேறி, இன்னொரு வீட்டில் ரசம் வைக்கப் போய்விடும்.